ஏட்டில் முளைத்த நாடுகள்

போலி நூலொன்று பொய்யென நிறுவப்பட்டதும் அந்நூல் இறந்துவிடுகின்றது. ஆயின், அதன் வயிற்றிற் பிறந்த பெயர்கள் இறப்பதில்லை. நூலின் பெயரை மறந்தோரும் அந்நூல் புனைந்த அரசனின் பெயரை மறப்பதில்லை. அவன் ஆண்டதாகச் சொல்லப்பட்ட நாட்டின் பெயரைத் தம் கட்டுரையிலும், மேடைப் பேச்சிலும், பரீட்சை விடைத்தாளிலும் தயக்கமின்றி எழுதுகின்றனர். பழஞ்சுவடி எனப் பொய்யாகக் காட்டப்பட்ட நூலொன்றிலே மட்டும் காணப்படும் ஆட்பெயரும் இடப்பெயரும் வரலாற்றுச் சான்றாகா என்பதும், அவற்றை அவ்வாறு கொள்வது தமிழுக்குத் தொண்டன்று, தமிழுக்குக் கேடு என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ‘செங்கோன் தரைச்செலவு’ என்றொரு நூல் உண்டு. பழைய ஏட்டுக் கட்டொன்றிலே கண்டெடுக்கப்பட்டதென்னும் அறிமுகத்துடன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அச்சேறியது. தலைச்சங்க காலத்தது என்றும், கடல்கோளுக்கு முன்னர் வாழ்ந்த முதலூழித் தனியூர்ச் சேந்தன் என்னும் புலவராற் பாடப்பெற்றதென்றும் அது முன்வைக்கப்பட்டது. பஃறுளி, குமரி என்னும் இரு ஆறுகளுக்கிடையே கிடந்து பின்னர் கடல் கொண்ட பெருவளநாட்டை ஆண்ட செங்கோன் என்னும் மன்னனின் படையெடுப்பே அதன் பொருள். அம்மன்னன் ஒளிநாட்டைச் சேர்ந்தவன் என்றும், அந்நாடு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்ததென்றும், அவன் திபெத்து வரை வென்றான் என்றும் விளக்கவுரைகள் பெருகின. பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை (1891–1956) இந்நூல் பிற்காலத்திற் செய்யப்பட்ட போலி என வெளிப்படையாக அறிவித்தார். அவ்வறிவிப்புக்குப் பின்னரும், தமிழ்நாட்டு அரசின் நிதியுதவியுடன் 1981 இல் எடுக்கப்பட்ட ஆவணப்படமொன்று இதனை உலகின் முதற் பயண நூல் எனப் போற்றியது. இன்றும் ‘பெருவளநாடு’ என்னும் பெயர் நிலவரைபடங்களிலே கடலின்மீது எழுதப்பட்டுக் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றது.

இந்நூலின் மொழியையும் யாப்பையும் ஆராய்ந்து அதன் காலத்தைத் துணிவது அறிஞர் தொழில். அதன் பெயர்களை மட்டும் சற்று உற்று நோக்குவதற்கு மாணவராகிய எமக்கும் உரிமையுண்டு.

முதலாவதாக, நூலாசிரியரின் அடையை எடுத்துக்கொள்வோம். முதலூழியில் வாழ்ந்த ஒருவன் தன் காலம் முதலூழி என எவ்வாறு அறிவான்? இரண்டாவது வந்த பின்னரன்றோ முன்னையது முதலாவது ஆகும்? 1914 இல் போர்க்களம் சென்ற வீரனொருவன் தான் முதலாம் உலக யுத்தத்திலே போரிடுவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தால் அக்கடிதத்தை நாம் நம்புவோமா? அடைமொழி பிற்காலத்தார் இட்டது என்று விடை கூறலாம். அவ்வாறாயின் அப்பிற்காலத்தார் யார், எந்த ஏட்டிலே, எக்காலத்திலே இட்டனர் எனச் சொல்லவேண்டிய பொறுப்பு அவ்விடையைக் கூறுவோரையே சாரும்.

இரண்டாவதாக, அரசனின் பெயரும் நாட்டின் பெயரும். கோல் கோடாத மன்னன் செங்கோன். வளம் மிகுந்த நாடு பெருவளநாடு. ஒளி பொருந்திய நாடு ஒளிநாடு. எத்துணை வசதியான பெயர்கள்! அகராதியின் துணையும் வேண்டாமல், நாலாம் வகுப்புப் பிள்ளையும் பொருள் சொல்லத்தக்க பெயர்கள். உண்மையான பழம்பெயர்கள் அவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. பேரியாறு, நெடுங்குன்றம் போன்ற தெளிவான பெயர்கள் பழந்தமிழிலும் உள என்பது மெய்யே. ஆயினும் ஒரு நாட்டிலே தெளிவான பெயரும் தெளிவற்ற பெயரும் கலந்தே கிடக்கும். சிதைந்தவை, வேற்றுமொழித் தொடர்புடையவை, பொருள் மறந்துபோனவை எனப் பல படைகளாக அவை அமையும். கொற்கை, முசிறி, தொண்டி என்னும் பெயர்களின் வேர் பற்றி அறிஞர் இன்றும் வாதிடக் காண்கிறோம். யாழ்ப்பாணத்திலே கோப்பாய், மானிப்பாய், கொக்குவில், கோண்டாவில் என்னும் ஊர்ப்பெயர்களை எடுத்து நோக்குக. ‘பாய்’ என்றும் ‘வில்’ என்றும் முடியும் ஈறுகளை விளக்குவதற்கு எத்தனை பேர் எத்தனை பக்கங்களை எழுதியுள்ளனர்! மக்கள் வாழ்ந்து வழங்கிய பெயரிலே காலத்தின் துரு ஏறியிருக்கும். புனைந்தவன் இட்ட பெயரோ வார்ப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்கலம்போல் மினுங்கும்.

மூன்றாவதாக, இப்பெயர்கள் பொருத்தப்பட்ட முறை. பஃறுளி ஆறு புறநானூற்றிலே பேசப்படுவது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்திலே இடம்பெறுவது. அவ்விரு பெயருக்குமிடையே எழுநூற்றுக் காவதப் பரப்பிலே ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன எனச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கூறிச் சென்றார். தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை நாடு ஏழு, பின்பாலை நாடு ஏழு என அப்பட்டியல் செல்லும். இயற்கையான நிலப்பரப்பு இவ்வாறு வாய்பாட்டுக் கணக்கிலே பிரிந்து கிடப்பதில்லை. ஆயினும் அடியார்க்குநல்லார் பொய்யரல்லர்; தமக்குக் கிடைத்த மரபுச் செய்தியை உரையிலே பதிவு செய்தார், அவ்வளவே. செங்கோன் தரைச்செலவைச் செய்தவரின் செயல் வேறு வகையினது. மரபிலே ஏற்கனவே உறுதிப்பட்டிருந்த இரு பெயர்களுக்கு நடுவே தாம் புனைந்த பெயரைச் செருகிவிட்டார். தெரிந்த இரு முகங்களுக்கிடையே தெரியாத ஒருவன் வந்து நின்றால் அவனையும் உறவினன் என்றே ஊரார் எண்ணுவர்.

இத்தந்திரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும். 1747 இல், கொப்பன்ஹேகன் நகரில் ஆங்கிலம் கற்பித்துவந்த சார்ள்ஸ் பேர்ட்ரம் என்னும் இருபதுகளில் இருந்த இளைஞர், இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொல்பொருளறிஞர் வில்லியம் ஸ்ரூக்லிக்குக் கடிதம் எழுதினார். உரோமர் கால பிரித்தானியாவை விவரிக்கும் பழஞ்சுவடியொன்று, மடாலயத் துறவியொருவர் எழுதியது, தமக்குத் தெரியவந்துள்ளது என்பது செய்தி. சில வரிகளின் எழுத்துருவைப் பார்த்தெழுதி அனுப்பினார். சுவடியை ஒருபோதும் காட்டவில்லை. ஸ்ரூக்லி அத்துறவியைப் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த றிச்சர்ட் என்பவராகத் தாமே அடையாளங்கண்டு ஆசிரியரையும் தேடிக் கொடுத்தார். 1757 இல் நூல் அச்சேறியது. அதிலே ஸ்கொட்லாந்தின் ஒரு பகுதிக்கு ‘வெஸ்பசியானா’ என்றொரு மாகாணப் பெயர் இருந்தது. உரோமப் பேரரசன் ஒருவனின் பெயரிலிருந்து எளிதாக ஆக்கப்பட்ட, அகழ்வாராய்ச்சி எதிலும் ஒருநாளும் அகப்படாத பெயர் அது. முன்னர் அறியப்படாத ஊர்களும் வழிகளும் அறிந்த ஊர்களுக்கிடையே நிரல்படுத்தப்பட்டிருந்தன. கிபன் போன்ற பெரும் வரலாற்றாசிரியரும் அந்நூலைச் சான்றாகக் கொண்டார். ஸ்கொட்லாந்தில் உள்ள உரோமர் கோட்டைகளைக் கால்நடையாகத் திரிந்து அளந்த வில்லியம் றொய் என்பாரின் பெருநூல் 1793 இல் வெளிவந்தபோது, அவரின் செம்மையான அளவைகளோடு பேர்ட்ரத்தின் பொய்ப்பெயர்களும் பிணைந்து கிடந்தன. 1866 ஆம், 1867 ஆம் ஆண்டுகளில் வூட்வேட் என்பவர் அந்நூலின் இலத்தீன் மொழி பிற்காலத்தது எனக் காட்டி அதன் பொய்மையை நிறுவும்வரை ஏறத்தாழ 110 ஆண்டுகள் அது ஆட்சி செய்தது. இங்கிலாந்தின் முதுகெலும்பு எனப்படும் மலைத்தொடருக்குப் ‘பெனைன்’ என்னும் பெயர் நிலைபெற்றதில் அப்போலி நூலுக்குப் பெரும் பங்குண்டு. அப்பெயர் இன்றும் வரைபடத்தில் உள்ளது.

இவ்வரலாற்றிலே எம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டியது பேர்ட்ரத்தின் குற்றமன்று, றொய்யின் இழப்பு. நேர்மையாக உழைத்தவரொருவர் பொய்ப்பெயரை நம்பியதால் அவருடைய உண்மை உழைப்பும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. போலிப் பெயர் தான் அழியும்போது தனியாக அழிவதில்லை. தன்னோடு சேர்த்துக் கட்டப்பட்ட மெய்ப்பெயரையும் இழுத்துக்கொண்டே கிணற்றில் விழுகின்றது.

இனி, எம்முள் பலர் எழுப்பும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

‘நூல் போலியாக இருக்கலாம், ஆயினும் பெயர்களிலே பழைய நினைவு ஏதோ எஞ்சியிருக்கலாமன்றோ?’ என்பர் சிலர். இருக்கலாம் என்பது சான்றன்று. ஒரு பெயர் பழையது என்பதற்கு அது தன் நூலுக்கு வெளியே வாழ்ந்த தடயம் வேண்டும். அத்தகைய தடயம் உண்மையான பெயர்களுக்கு எத்துணை வியக்கத்தக்க வகையிலே கிடைத்துள்ளது என்பதைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் அதியமான் நெடுமான் அஞ்சி பேசப்படுகின்றான். அசோகனின் கல்வெட்டுகளிலே சோழ, பாண்டிய, கேரளரோடு ‘சதியபுதர்’ என்றொரு மரபினர் குறிக்கப்படுகின்றனர். அவர் யாரென்பது நெடுங்காலம் வாதப்பொருளாய் இருந்தது. 1981 இல் தமிழ்நாட்டின் ஜம்பை என்னும் சிற்றூரிலே கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியையும் சதியபுதோ என்னும் பட்டத்தையும் ஒரே வரியில் வைத்துக் காட்டியது. பாடல் ஒருபுறம், வட இந்தியப் பேரரசனின் கல்வெட்டு மறுபுறம், இரண்டையும் அறியாத மலைக்குகை நடுவே. மூன்றும் ஒரு பெயரிலே சந்திக்கின்றன. சேர மன்னரின் பெயர்கள் புகளூர்க் கல்வெட்டிலே தலைமுறை வரிசையாகக் கிடைத்தன. முசிறியின் பெயரை யவன மாலுமியின் நூலும் கூறும், அகநானூறும் கூறும். பெருவளநாட்டுக்கு இவ்வாறு ஒரு பானையோட்டுத் துண்டேனும் உண்டா? கடல் கொண்டுவிட்டது என்பீர்களாயின், கரையேறி வந்தோர் தம் நாட்டின் பெயரை ஒரு பாட்டிலேனும் கொண்டுவந்திருக்க வேண்டாமா? தலைச்சங்க நூல்கள் எனச் சிலவற்றைப் பெயர் கூறும் இறையனார் களவியலுரை முதுநாரையையும் முதுகுருகையும் களரியாவிரையையும் சொல்லிற்று, செங்கோனைச் சொல்லவில்லையே!

‘ஏடுகள் செல்லுக்கும் நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையாயின; எஞ்சிய ஒன்றை ஏன் ஐயுறவேண்டும்?’ என்பது அடுத்த தடை. ஏடுகள் அழிந்தது உண்மை. அவ்வழிவினின்றும் நூல்களை மீட்டோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையே அளவுகோலாகக் கொள்வோம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையை மறைக்காது பதிப்புரைகளில் எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் காட்டினார். அப்பிரதிகளை மற்றவர் சென்று பார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். பழஞ்சுவடியின் பெருமை அதன் பழமையிலன்று, அது பிறர் கண்ணுக்கு அஞ்சாமல் நிற்பதிலேயே உள்ளது. செங்கோனின் பெயரை எழுதுவோர் மூன்று வினாக்களுக்கு விடை தரட்டும்: ஏடு எங்கே? வேறு பிரதி எங்கே? அதனை மேற்கோள் காட்டிய பழைய உரையாசிரியர் யார்?

மூன்றாவது தடையே உண்மையிற் பலரின் உள்ளத்திலிருப்பது: ‘இவ்வாறு ஆராய்வது இனத்துக்குத் துரோகம்.’ வையாபுரிப்பிள்ளை தம் வாழ்நாளிலே கேட்ட வசைகளை நாம் அறிவோம். அவர் சங்க நூல்களுக்கு வகுத்த காலக் கணிப்புகளிற் சில பின்வந்த கல்வெட்டுச் சான்றுகளாலே திருத்தப்பட்டுள்ளன. அத்திருத்தத்தையும் அவர் வளர்த்த அதே ஆய்வு முறையே செய்தது என்பது கவனிக்கத்தக்கது. இத்தடைக்குச் செக் மக்களின் வரலாறே தக்க விடையாகும். 1817 இலும் 1818 இலும் பொஹீமியாவிலே இரண்டு ‘பழஞ்சுவடிகள்’ வெளிப்பட்டன. அவற்றுள் முதலாவதை வாக்லாவ் ஹங்கா என்னும் அறிஞர் கண்டெடுத்ததாகக் கூறினார். அவற்றிலே சாபோய், ஸ்லாவோய் என்னும் வீரரும், லூமீர் என்னும் பாடகனும் தோன்றினர். ஜேர்மன் ஆதிக்கத்தின்கீழ் தம் மொழியை மீட்கப் போராடிய மக்கள் அப்பெயர்களை மார்போடு அணைத்துக்கொண்டனர். சிலைகள் எழுந்தன, லூமீரின் பெயரால் இலக்கியச் சஞ்சிகை நடந்தது. 1886 இல் மொழியியலறிஞர் கெபவரும் மெய்யியற் பேராசிரியர் மசாரிக்கும் இச்சுவடிகள் போலி என வாதிட்டபோது நாடே கொதித்தது. தேசத் துரோகிகள் என அவர்கள் தூற்றப்பட்டனர். பொய்யின்மீது தன்மானத்தைக் கட்டும் இனம் அப்பொய் வெளிப்படும் நாளிலே தலைகுனிய நேரும் என்பதே மசாரிக் தரப்பின் நிலைப்பாடு. பின்னர் நடந்தது என்ன? செக் இனம் அழிந்துபோயிற்றா? 32 ஆண்டுகள் கழித்து, 1918 இல், செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு பிறந்தது. அதன் முதற் குடியரசுத் தலைவர் அதே மசாரிக்! சாபோயும் ஸ்லாவோயும் இன்று பிராக் நகரிலே சிலைகளாக மட்டும் நிற்கின்றனர். வரலாற்று நூல்களிலே இல்லை.

நான்காவதாக, ‘கற்பனைப் பெயர்களை ஆக்குவதே குற்றமா?’ எனக் கேட்போரும் உளர். அன்று. புனைவு எழுத்தாளனுக்கு அவ்வுரிமை முழுமையாக உண்டு. கல்கி ‘பொன்னியின் செல்வ’னிலே நந்தினியைப் படைத்தார், அவளை ஏட்டிலே கண்டேன் என அவர் கூறவில்லை. அதே கதையிலே வரும் ரவிதாசனின் பெயரோ உடையார்குடிக் கல்வெட்டிலே ஆதித்த கரிகாலனைக் கொன்றோருள் ஒருவனாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே நாவலிலே இருவரும் உலவலாம். ஒரே வரலாற்றுக் கட்டுரையிலே இருவரும் உலவலாகாது. கற்பனைக்குப் பழஞ்சுவடியின் வேடம் போட்டுச் சான்றுக் கூண்டிலே ஏற்றுவதுதான் குற்றம்.

இறுதியாக, இவ்விடயம் ஈழத்து மாணவராகிய எமக்கு ஏன் முதன்மையானது என்பதைக் கூறவேண்டும். இந்நாட்டிலே ஊர்ப்பெயர் வெறும் பெயரன்று. எவர் எப்போது எங்கே வாழ்ந்தார் என்னும் வழக்கிலே ஊர்ப்பெயரே சாட்சி. அச்சாட்சி எம்மிடம் இல்லாமலில்லை. மகாவம்சம் நாகதீபத்தைக் கூறுகின்றது. மணிமேகலை நாகநாட்டைக் கூறுகின்றது. 1936 இல் வல்லிபுரத்திலே கிடைத்த பொன்னேடு நாகதிவ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வெவ்வேறு மொழியில், வெவ்வேறு நோக்கத்தோடு எழுதப்பட்ட மூன்று சான்றுகள் இவை. திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் சம்பந்தர் பாடியுள்ளார். இவற்றைச் சொல்லிய அதே மூச்சிலே பெருவளநாட்டையும் சொல்வோமாயின் எதிர்த்தரப்பு வழக்கறிஞனுக்கு வேறு வேலை இல்லை. பெருவளநாட்டைப் பொய்யென எளிதில் நிறுவிவிட்டு, நாகதீபத்தையும் அதே கூடையில் எறிந்துவிடுவான்.

அன்றியும், நீதி ஒன்றாக இருத்தல் வேண்டும். சிங்கத்தின் பேரன் விஜயன் எழுநூறு தோழரோடு கரையிறங்கிய கதையை நாம் வரலாறாக ஏற்பதில்லை. இனப்பெயரை விளக்க எழுந்த புராணம் என்கிறோம். அது சரியான ஆய்வே. அவ்வாறாயின் யாழ்ப்பாடிக்குப் பரிசாக மணற்றிடர் வழங்கப்பட்ட கதையையும் அதே தராசில் நிறுக்கவேண்டும். 1736 அளவில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை போலி நூலன்று. மரபுகளைத் தொகுத்த நூல். ஆயினும் அதன் செய்திகளைச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்திலே கூறுகூறாக ஆராய்ந்தார். அவரை எவரும் தமிழ்ப் பகைவர் எனக் கூறத் துணியார். மரபு நூலுக்கே அத்தகைய விசாரணை வேண்டுமெனில், போலி நூலுக்கு விலக்களிப்பது எந்நியாயம்?

எனவே, எம் சக மாணவரிடமும் எம் விரிவுரையாளரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. செங்கோன் தரைச்செலவைத் தீயிலிட வேண்டாம். அதனைப் படிப்போம், ஆனால் கடல்கோளுக்கு முந்திய காலத்துக்குரிய சான்றாக அன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழர் தம் பழமைபற்றி எவ்வாறு கனவு கண்டனர் என்பதற்கான சான்றாகப் படிப்போம். அந்த வகையிலே அது பெறுமதி மிக்க ஆவணமே. பெருவளநாடு, ஒளிநாடு, முதலூழிச் சேந்தன் என்னும் பெயர்கள் வரலாற்றுக் கட்டுரைகளிலே சான்றாக வருமிடத்து, ஆசிரியர் அவற்றைச் சிவப்பு மையாற் கோடிடுவாராக. மாணவர் அதற்காக மனம் நோகாதிருப்பாராக. கீழே கிடக்கும் பானையோட்டிலே ‘ஆதன்’ என இரண்டு எழுத்துப் பிழையோடு கீறிய குயவனின் பெயர், கடலடியிலே மாளிகை கட்டி வைத்த ஆயிரம் செங்கோன்களின் பெயரினும் மேலானது. அக்குயவன் இருந்தான்.